மறுமொழி: ஃபஸ்ஸிங் = உலுக்கல்?

அனைவருக்கும் வணக்கம். நிரலுக்குள் தாறுமாறான உள்ளீட்டைக் கொட்டி, அது எங்கே விழுகிறது என்று பார்க்கும் சோதனைதான் ஃபஸ்ஸிங். அதைத் தமிழில் ‘உலுக்கல்’ என்கலாமா என்று கேட்டிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ஃபஸ்ஸி லாஜிக்கை மங்கல் தருக்கம் என்கிறோம். அதே வழியில் இதை ‘மங்கல் சோதனை’ என்றால் என்ன?

ஐயா, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் பார்ட்டன் மில்லர் ஒரு மழை இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியே வேலை செய்துகொண்டிருந்தார். கம்பியில் இரைச்சல் புகுந்து, அவர் தட்டாத எழுத்தெல்லாம் கணினிக்குப் போய், யூனிக்ஸ் இயங்குதளத்தின் நிரல்கள் படுத்துவிட்டன. அந்தக் குப்பைக்கு அவர் வைத்த பெயர்தான் ஃபஸ். பிறகு மாணவர்களை விட்டு வேண்டுமென்றே குப்பையைக் கொட்டிப் பார்த்தார். 1990இல் வந்த கட்டுரைப்படி, சோதித்த நிரல்களில் கால் பங்கிலிருந்து மூன்றிலொரு பங்குவரை விழுந்தன. இதில் மங்கல் எங்கே வந்தது? ஏஎஃப்எல் என்ற ஃபஸ்ஸிங் கருவிக்கு வைத்திருப்பதோ ‘அமெரிக்கன் ஃபஸ்ஸி லாப்’ என்ற முயல் இனத்தின் பெயர். அங்கே ஃபஸ்ஸி என்றால் புசுபுசு மயிர். மங்கல் என்று பெயர்த்தால் பாவம், முயலுக்குக் கண் தெரியாமல் போய்விடும்.

> ‘தாறுமாறு உள்ளீட்டுச் சோதனை’ – பொருள் தெளிவாக இருக்கிறதே?

தெளிவுதான், அம்மா. ஆனால் அது விளக்கம், சொல்லாக நடமாடாது. “நேற்று ராத்திரி முழுக்க அந்த நிரலை...” என்று தொடங்கினால் முடிக்க வினை கிடையாது. உலுக்கு என்றால் உலுக்கினேன், உலுக்கல், கருவிக்கு உலுக்கி எல்லாம் கேட்காமலே வருகின்றன. ‘உலுக்கி’ வினையெச்சமாகவும் நிற்குமே என்பீர்கள். இயக்கி, கடத்தி எல்லாமும் அப்படித்தான், பழகிவிடவில்லையா?

சொல் தோன்றிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அகராதிக் கோப்பைப் படிக்க சி மொழியில் சின்னதாக ஒரு பாகுபடுத்தி எழுதினேன். கோப்பின் தலையில் 32 பிட்டில் சொற்களின் எண்ணிக்கை. பின்னால் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பைட்டில் நீளம். ஜிசிசி என்ற தொகுப்பியில் எல்லா எச்சரிக்கைகளையும் திறந்துவிட்டுத் தொகுத்தேன். ஒரு முணுமுணுப்பு இல்லை. கைவசம் இருந்த கோப்பெல்லாம் ஒழுங்காகத் திறந்தன. பிறகு நினைவகத்தில் எல்லை தாண்டினால் உடனே காட்டிக்கொடுக்கும் அட்ரஸ் சானிடைசரைச் சேர்த்து மறுபடி தொகுத்து, ஒரே ஒரு சொல் உள்ள கோப்பை விதையாக, அதாவது மாற்றிப் பார்ப்பதற்கான தொடக்க உள்ளீடாகக் கொடுத்து ஏஎஃப்எல்லை ஓடவிட்டேன். காப்பி போட்டுக்கொண்டு வருவதற்குள் இரண்டு வழுக்கள் விழுந்திருந்தன.

முதலாவது வெட்கக்கேடு. சொல்லைத் தற்காலிகமாக வைக்க நான் ஒதுக்கியது 64 பைட் இடையகம். நீள பைட்டோ 255 வரை போகும். சரிபார்க்கவே இல்லை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. 21 குறியோடு இடம் தீர்ந்தது. ‘ஆடு’, ‘இலை’ என்று சோதித்தவனுக்கு அது எங்கே தெரியும்?

இரண்டாவதுதான் அழகு. எண்ணிக்கை 1 என்றிருந்ததில் உலுக்கி ஒரே ஒரு பிட்டைப் புரட்டியிருந்தது. 1 போய் 26,84,35,457 ஆகிவிட்டது. பதிவுக்கு 16 பைட் என்று அதை நான் 32 பிட்டிலேயே பெருக்கியிருந்தேன். பெருக்கல் அடங்காமல் வழிந்து, மிஞ்சியது 16. ஆக, இருபத்தாறு கோடிப் பதிவுக்கு ஒரே பதிவுக்கான நினைவகத்தை வாங்கிக்கொண்டு, கோப்பு முடிந்ததைக்கூடப் பார்க்காமல், என் நிரல் இரண்டாவது பதிவை எழுதப் போயிருக்கிறது.

ஊர்ப் புளியமரம் நினைவுக்கு வந்தது அப்போதுதான். கிளையில் ஏறி நின்று உலுக்குவார்கள். காம்பு தளர்ந்தது பொலபொலவென்று விழும், மற்றது அசையாது.

> சுமைச் சோதனையோடு குழம்பாதா? ‘குலுக்கல்’ பொருந்துமா?

சுமைச் சோதனை என்பது கிளை தாங்குகிறதா என்று ஊரே ஏறி உட்கார்ந்து பார்ப்பது. போகும் உள்ளீடெல்லாம் நல்ல உள்ளீடுதான், அளவுதான் அதிகம். குலுக்கலைச் சீட்டுக்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இன்னொன்று. புளி உலுக்க ஏறுமுன் கீழே சாக்கு விரிப்பார்கள், விழுந்தது புல்லில் மறையக் கூடாதென்று. சானிடைசர் வேலையும் அதுதான். அது இல்லாவிட்டால் இடையகத்தைத் தாண்டி எழுதியது பல சமயம் சத்தமில்லாமல் போய்விடும். ஆனால் அதற்குச் ‘சாக்கு’ என்று பெயர் வைத்தால், வழுவுக்கெல்லாம் சாக்குச் சொல்கிறோம் என்பார்கள். ‘விரிப்பு’ எப்படி?