பின்டயரில் ஆணி: பஞ்சர் போடுவதா, மாற்றுவதா?

கேள்வி: காங்கேயத்திலிருந்து தாராபுரம் செல்லும் வழியில் என் பைக்கின் டியூப்லெஸ் பின்டயரில் ஆணி ஏறிவிட்டது. பஞ்சர் போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். தினமும் மனைவியையும் அமர்த்திச் செல்வதால் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம், அண்ணா?

மறுமொழி: தம்பி, ஓட்டை தரையில் படும் நடுப்பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால், டயரைக் கழற்றி உட்புறம் மஷ்ரூம் பேட்ச் (தண்டு ஓட்டையை அடைக்க, தலை உட்புறம் ஒட்டிக்கொள்ளும் காளான் வடிவ ஒட்டு) வைக்கச் சொல்லுங்கள், வெளியிலிருந்து செருகும் ரப்பர் திரியை நம்பி நெடுந்தூரம் போக வேண்டாம். பக்கச்சுவர் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும், ஓடும்போது மடங்கி நிமிரும் அந்த இடத்தில் ஒட்டு நிற்காது.

மற்றொருவர்: காற்று இறங்கிய பின்பும் ஓட்டினீர்களா? அப்படியானால் உட்சுவர் நைந்திருக்கும். கையால் தடவிப் பாருங்கள்.

கேட்டவர்: ஓட்டை நடுவில்தான், ஆனால் கடை வரை ஓட்டியே வந்தேன். உட்சுவரைத் தடவியபோது நைந்த ரப்பரின் கருந்தூள் உள்ளங்கையில் அப்பியது. புதிய டயரே போட்டுவிட்டேன், அண்ணா.