பொருள்: நூலகக் கட்டடம் – கல் இறக்குவதற்கு முன்

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

நூலகத்துக்கு ஹாலோ பிளாக் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து நம் மலைக்கு லாரி ஏறுவதற்குள் என் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா வீட்டு மண்சுவருக்கு நான்தான் சிமெண்ட் பூச வைத்தேன். பளிச்சென்று இருந்தது, நீங்கள்கூடப் பாராட்டினீர்கள். இரண்டு ஐப்பசி மழை போனதும் தட்டிப் பார்த்தால் பொத்தென்று சத்தம். சுவரில் ஏறிய ஈரம் வெளியே காய வழியில்லாமல் உள்ளே மண் குழைந்து, பூச்சு மட்டும் வெற்று ஓடு மாதிரி நின்றது. அப்பத்தா வருஷா வருஷம் செம்மண்ணும் சாணியும் மெழுகிக் காப்பாற்றிய சுவர் அது. போன விடுமுறையில் எல்லாவற்றையும் கொத்தி எடுத்துச் சுண்ணாம்பு பூசினோம்.

அதற்காக, பழையபடி குழைத்து வைத்த மண்சுவர் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஹாலோ பிளாக்குக்குப் பதிலாக அழுத்திய மண்கல் இருக்கிறது. லேசான ஈரமண்ணில் சுமார் 5 சதவீதம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்துவார்கள். சூளை கிடையாது, ஆனால் நான்கு வாரம் காயாமல் மூடி நனைக்க வேண்டும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சியே தருகிறார்கள். இந்தக் கல்லுக்கு ஐஎஸ் 1725 என்று இந்தியத் தரவிதியும் உண்டு, ஆகவே இன்ஜினியர் தட்டிக்கழிக்க முடியாது.

சிக்கல் நம் மண்ணில்தான். மேலே இருக்கும் கருப்பு மண் இலைமக்கு, அது ஆகாது. அடியிலுள்ள செம்மண்ணில் களி கூடுதலாக இருந்தால் காயும்போது வெடிக்கும். அப்போது மணலையும் மலையடியிலிருந்துதான் லாரியில் ஏற்ற வேண்டும். செலவில் எவ்வளவு மிச்சமாகும் என்று அதன் பிறகுதான் கணக்குப் போட முடியும்.

சித்தப்பா, நீங்கள் ஊரில் இருப்பதால் ஒரு உதவி. மூன்றடி ஆழத்து மண்ணைக் கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிஷத்தில் படிவது மணல். களி தெளிய மறுநாள்கூட ஆகலாம். படிந்ததில் பாதிக்கு மேல் மணலாக இருந்தால் நமக்கு யோகம்.

கரையானைப் பற்றி அண்ணன் கேட்டிருந்தார். அதற்குத் தரைக்கு மேல் ஒன்றரை அடி கல்கட்டு, மழைச்சாரலுக்குக் கூரை இறவாணம் இரண்டரை அடி நீட்டல், இரண்டும் வரைபடத்தில் வரட்டும். அப்புறம் மாசிக்கு முன் மண்கல் அறுக்கத் தொடங்க வேண்டாம், உறைபனி கெடுத்துவிடும்.

பாட்டில் போட்டோ வரும்வரை முன்பணம் அனுப்பாதீர்கள்.

மேலத்தெரு கடைசி வீட்டுப் பேத்தி,
மஸ்கட்