கரி வாங்கி நொந்த கதை இருந்தால் கொட்டுங்கள்

ராயபுரம் மொட்டைமாடி

போன ஞாயிறு நடந்தது. இன்னும் ஆறவில்லை, அதனால்தான் இந்த இழை.

விடியற்காலை நாலரைக்கே காசிமேடு போய் மூன்று கிலோ சங்கரா, ஒரு கிலோ கடம்பா. மச்சான் கோயம்புத்தூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து, கண்ணைப் பார்த்து, அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கினேன். கரியை? வரும் வழியில் வண்டியை ஆஃப் கூடச் செய்யாமல் "அஞ்சு கிலோ போடுங்கண்ணா" என்று சொல்லி, கட்டின பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அஞ்சு கிலோவுக்குப் பை சின்னதாகத் தெரிந்தது. அப்போது உறைக்கவில்லை.

சாயங்காலம் பற்றவைத்தோம். போகியன்று விடியற்காலை எதிர் வீடு தெரியாதே, அந்தப் புகை. பக்கத்து மாடி அக்கா கொடியிலிருந்த புடவைகளை உருவிக்கொண்டே, "இன்னாபா, கொசு மருந்து அடிக்கிறியா?" என்றார். இடுக்கியால் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு பாதி கருப்பு, மறு பாதி காப்பிப்பொடி நிறம். அந்தப் பழுப்பு நுனியில் நுரை மாதிரி ஏதோ கொப்புளித்து உஸ்ஸென்று சத்தம். அது கரியே இல்லை, பாதி விறகு.

மச்சான் ஒரே ஒரு சங்கராவைப் பிய்த்து வாயில் வைத்தார். "நல்லாருக்கு மாப்ள" என்றார். அப்புறம் யாரும் சொல்லாமலே உள்ளே போய்த் தயிர்சாதம் போட்டுக்கொண்டு வந்தார். அந்தத் தயிர்சாதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

இஸ்திரி வண்டி மகன்

அப்பா பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருடம் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். கரி வாங்க என்னையும் கூட்டிப்போவார், சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே. கடையில் சாக்கின் மேல்வாயில் இருப்பதை நம்பவே மாட்டார். முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து இரண்டு துண்டு உருவி, ஒன்றோடு ஒன்றைத் தட்டுவார். "கணீர்னு கேட்டா வெந்த கரி. தொப்புன்னு கேட்டா ஈரம், இல்லன்னா வேகாத கட்டை." அப்புறம் ஒன்றை உடைப்பார். உடைந்த முகம் மின்ன வேண்டும். சாக்கின் அடியில் தூள் எவ்வளவு நிற்கிறது என்றும் பார்ப்பார். தூளுக்கும் சேர்த்துத்தானே காசு.

ஒரே ஒருநாள் அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது நான் தனியாகப் போனேன். எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். தட்டவும் இல்லை, உடைக்கவும் இல்லை. மறுநாள் பெட்டிக்குள் டப்பென்று ஒரு வெடி. பெட்டியின் பக்கத்துத் துளை வழியாகப் பொறி ஒன்று பறந்து, ஒரு வாத்தியாரின் வெள்ளைச் சட்டையில் பை மேலேயே விழுந்தது. கடுகளவு ஓட்டை, சுற்றி மஞ்சள் வளையம். அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சட்டையை நாலாக மடித்து, அவரே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதிலிருந்து கேஸ் பெட்டிக்கு மாறும்வரை கொட்டாங்குச்சிக் கரி மட்டும்தான். பொறி பறக்காது, புகை கிடையாது, சாம்பலும் ஒரு பிடிதான். மீன் சுடவும் அதையே வாங்குங்கள்.

பெரம்பூர் லோகோ

கொட்டாங்குச்சிக் கரியை எல்லோருக்கும் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இஸ்திரிப் பெட்டி வேறு, கோழி வேறு. மகள் பிறந்தநாளுக்கு லெக் பீஸ் போட்டேன். அந்தக் கரியின் சூடு மூர்க்கம். பத்தே நிமிடத்தில் வெளியே முறுகி, நிறம் அள்ளிக்கொண்டு போனது. மகளின் தோழி ஒருத்தி கடித்துவிட்டு, "அங்கிள், ரத்தம்" என்றாள். எலும்பை ஒட்டிச் சிவப்பு. பதினோரு பிள்ளைகளின் தட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டு நின்றேன்.

கோழிக்கு வேலிக்காத்தான் கரி, அதுவும் கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிய துண்டாக. எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் சூடு ஒரே சீராக வரும். சில்லு சில்லாக இருந்தால் நெருங்கி அடைத்துக்கொண்டு காற்றை மறிக்கும், கம்பி இடுக்கிலும் உதிரும். பற்றவைத்ததும் கறியைப் போடாதீர்கள். மேலே சாம்பல் நிறம் பூக்க இருபது, முப்பது நிமிடம் ஆகும், அதுவரை வெங்காயம் நறுக்குங்கள். நெருப்பை ஒரு பக்கமாகத் தள்ளி, மறு பக்கத்தைக் காலியாக விடுங்கள். கோழி முதலில் காலிப் பக்கத்தில் வேகட்டும், கடைசியில் நெருப்புப் பக்கம் வந்து நிறம் எடுக்கட்டும். மண்ணெண்ணெய் ஊற்றவே ஊற்றாதீர்கள், கடைசி வாய் வரை அந்த நாற்றம் வரும். அச்சில் வார்த்த கரிக்கட்டிகள் விற்கிறார்கள். கரித்தூளை ஸ்டார்ச் மாவு போட்டு இறுக்கியவை. நின்று எரியும், ஆனால் சாம்பல் அதிகம். சீக்கிரம் பற்றுவதற்கென்று எதையாவது கலந்த வகையும் உண்டு. அதை வாங்கினால் முழுக்க வெளுக்கும்வரை பக்கத்திலேயே போகாதீர்கள். கரிக்குள் ஆணி கிடந்தால் அது பழைய பேக்கிங் பெட்டியோ கதவோ எரித்த கரி. பெயின்டும் மரத்துக்கு அடிக்கிற மருந்தும் அதில் இருந்திருக்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணலிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய டிரம்மை அறுத்து அடுப்பு செய்கிறவர்கள், அதற்குள் முன்பு என்ன இருந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜி.ஐ. வலையில் மீன் சுடாதீர்கள், மேலே இருப்பது துத்தநாகப் பூச்சு. அப்புறம் விசிறியைத் தூக்கிப் போடுங்கள்...

ராயபுரம் மொட்டைமாடி

அண்ணா, எனக்கு மச்சான் பிரச்சினை மட்டும்தான்.

கல்மண்டபம் 13

நான் சுட்டது அடுப்புக்கரியிலேயே இல்லை. தொண்ணூறுகளில் கொருக்குப்பேட்டை சரக்கு ரயில் பாதை ஓரம் நிலக்கரி சிதறிக் கிடக்கும். கரியில் என்ன பெரிய வித்தியாசம் என்று நாங்கள் நாலு பையன்கள் ஒரு கோணி நிறையப் பொறுக்கி வந்து, செங்கல் கூட்டி, ஆளுக்கொரு கானாங்கத்தை. முதலில் பற்றவே இல்லை. பற்றினதும் மஞ்சளாக ஒரு புகை இறங்கியது பாருங்கள், மேலே போகவில்லை, தரையோடு தவழ்ந்து வந்தது. அழுகின முட்டையும் தாரும் சேர்ந்த வாடை. கந்தகம் என்று பின்னால் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். ஆயா ஓடிவந்து என் கையிலிருந்த மீனைத் தட்டிவிட்டு, "இதுல டீசல் ஊத்தித் தின்னேன்டா" என்றார். அந்தக் கையை லைஃபாய் போட்டு எத்தனை முறை கழுவியும் இரண்டு நாள் வாடை போகவில்லை. இன்றைக்கும் யாராவது கரி என்றால் முதலில் அந்த மஞ்சள் புகைதான் கண்ணில் தெரிகிறது.

அந்த நாளில் எங்கள் தெருவில் வெள்ளை வேட்டி காயப்போட முடியாது, துறைமுகத்திலிருந்து அவ்வளவு தூசி. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 அக்டோபரோடு சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று எண்ணூருக்குப் போனது. மொட்டைமாடியில் உட்கார்ந்து மீன் சுடலாம் என்ற யோசனையே எங்களுக்கு அதற்கப்புறம் வந்ததுதான்.

எண்ணூர் முகத்துவாரம்

உங்களுக்கு நின்றது, எங்களுக்கு வந்தது. எங்கள் மாடிக்கு வந்து கைப்பிடிச் சுவரில் விரலை இழுத்துப் பாருங்கள். அம்மா வடகம் போடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. இது மீன் சுடுகிற இழை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

மூட்டக்காரர் பேரன்

இருப்பது தண்டையார்பேட்டை, ஊர் ராமநாதபுரம் பக்கம். தாத்தா சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போட்டவர். (பெரம்பூர்க்காரர் வேலிக்காத்தான் என்கிறாரே, அதே மரம்தான்.) ஒரு லீவில் ராத்திரி அவரோடு காவலுக்குப் படுத்திருந்தேன். கட்டைகளை அடுக்கி, வைக்கோல் பரப்பி, மேலே மண் பூசி உள்ளே நெருப்பு வைத்திருப்பார்கள். காற்று அளவாகத்தான் போக வேண்டும். நடு ராத்திரி ஒரு பக்கம் மண் சரிந்து, இருட்டில் வாய் திறந்த மாதிரி சிவப்பாக ஒரு ஓட்டை. தாத்தா மண்வெட்டியைத் தேடவில்லை. இரண்டு கையாலும் ஈர மண்ணை அள்ளி அள்ளி அந்த வாயில் அப்பினார். காலையில் மூட்டம் வேகும் பக்கமெல்லாம் புகை வெள்ளையாகப் போய்க்கொண்டிருக்க, அந்தப் பக்கம் மட்டும் உள்வாங்கிக் கிடந்தது. கரியாக வேண்டியது சாம்பலாகிவிட்டது. அவர் உள்ளங்கைத் தோல் உரிய ஒரு வாரம் ஆனது.

ராயபுரத்துக்காரரின் பழுப்புத் துண்டு அநேகமாக மூட்டத்து ஓரக் கட்டை. வெள்ளைப் புகை மெலிந்து நீலமாகும்வரை பொறுக்காமல் பிரித்தால் ஓரமெல்லாம் அப்படித்தான் வரும். ஆனால் பை சின்னதாக இருந்ததை வைத்துக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துவிட்டார் என்று முடிவுகட்ட வேண்டாம். வேகாத கட்டையே கனம்தான். போதாததற்குக் கரி முழுக்க ஓட்டை, கடல் காற்றில் சும்மா திறந்து வைத்தாலே ஈரத்தை இழுக்கும். தெளிக்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. எதுவானாலும் வெயிலில் இரண்டு நாள் பரப்பிவிட்டுப் பற்றவையுங்கள். பழுப்பைப் பொறுக்கி வெந்நீர் அடுப்புக்குக் கொடுங்கள்.

கொடுங்கையூர் மழை

எல்லோரும் புகையைத் திட்டுகிறீர்கள். எங்களுக்குப் புகையே வரவில்லை, அதுதான் வினை.

இரண்டு வருடம் முன்னால் கார்த்திகை மாதம். அருமையான கரி, தட்டினால் வெண்கலச் சத்தம். பாதியில் மழை பிடித்துக்கொண்டது. அடுப்போடு தூக்கி மாடிப்படி அறைக்குள் வைத்து, சாரல் அடிக்கிறதே என்று கதவையும் சாத்திவிட்டோம். புகை இல்லை, கண் எரியவில்லை, குளிருக்கு இதமாகக்கூட இருந்தது. கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. ஈரத்தில் நின்றதால் என்று நினைத்தேன். அக்கா மகன் கையில் குச்சியோடு சுவரில் சாய்ந்து, "மாமா, தூக்கமா வருது" என்றான். அப்போது மணி ஏழரை. ராத்திரி பன்னிரண்டு வரை செல்போன் பார்க்கிற பயல். குச்சியில் இருந்த பன்னீர்த் துண்டு நழுவிக் கீழே விழுந்தது, அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

கதவை உதைத்துத் திறந்து அவனை மழையில் இழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள், பிழைத்தான். கார்பன் மோனாக்சைடு. நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. கெட்ட கரியாக இருந்திருந்தால் இருமிக்கொண்டே எல்லோரும் வெளியே ஓடியிருப்போம். அக்கா இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் பேசியதில்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்.

ராயபுரம் மொட்டைமாடி

கொடுங்கையூர் அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் மாடியில் கூரையே கிடையாது, மழை வந்தால் மீனையும் கரியையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம்.

இன்று அதே கடைக்குப் போனேன். வண்டியை ஸ்டாண்ட் போட்டேன். இஸ்திரி அண்ணா சொன்ன மாதிரி சாக்குக்குள் கையை விட்டு இரண்டு துண்டு உருவித் தட்டினேன். கடைக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு, "இன்னா தம்பி, தேங்காயா அது?" என்றார். ஒன்று கணீர், ஒன்று தொப்பு. தொப்பைத் திரும்ப உள்ளே போட்டேன். பத்து துண்டு போல அப்படிப் பொறுக்கினதும் அவரே எழுந்து, பின்னாலிருந்து வேறொரு சாக்கை இழுத்துவந்து வாயைப் பிரித்தார். முதலிலேயே அதைக் காட்டியிருக்கலாம்.

மூன்று கிலோ. போன தடவை அஞ்சு கிலோ வந்த அதே அளவுப் பை. இப்போது மாடியில் பழைய பாயில் காய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்து மாடி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டார், அன்றைக்குத் துணி துவைக்காமல் இருப்பாராம். மச்சானுக்கு இன்னும் போன் போடவில்லை.