மறு: மறு: ரிவர்ஸ் ரிங்குக்குத் தமிழில் என்ன? வியாழனுக்குள் வேண்டும்

அன்புள்ள குழுமத்தாருக்கு,

பூச்சிகளை அண்மைப்படம் எடுக்கும் பயிற்சிக் கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகிறது. லென்ஸை முன்பின்னாகத் திருப்பிக் கேமராவில் பொருத்த உதவும் 'ரிவர்ஸ் ரிங்' என்ற வளையத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் கேட்டேன், முப்பது மடல் வந்துவிட்டது. இரண்டுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

> கவிழ்தும்பைப் பூ தரை பார்த்துக் கவிழ்ந்திருக்குமே! 'கவிழ்வில்லை வளையம்' என்போம்.

அழகான சொல், அம்மா, வில்லை என்றால் லென்ஸ்தானே. நேற்று கரும்பலகையில் எழுதியும் பார்த்தேன். முன்வரிசை மாணவி 'கவிழ்வு இல்லை' என்று பிரித்துப் படித்தாள். அவள்மேல் தப்பில்லை, 'கவிழ்வு' போன்ற சொல்லின் கடைசி உகரம் உயிரெழுத்தின் முன் சில இடங்களில் கெடும், 'முற்றும் அற்று ஒரோவழி' என்று இலக்கண நூலான நன்னூலே அதற்கு இடம் கொடுக்கிறது.

> தகு, தகவு, தகவி. 'தலைகீழ்த் தகவி'யே தூய சொல்.

ஐயா, தலைகீழ் என்றால் மேல் கீழாவது. இங்கே லென்ஸின் முன்பக்கம் கேமராவைப் பார்க்கிறது, அவ்வளவுதான். அதைவிட, தகவி (அடாப்டர்) என்று பொதுவாகச் சொன்னால் கடையில் எதைக் கேட்பது? போன வருடம் ஒரு மாணவன் இரண்டு பக்கமும் ஆண் மரை (லென்ஸின் வாய்க்குள் திருகும் புரி) உள்ள வளையத்தை வாங்கி வந்தான். கேமராவில் அது எப்படி உட்காரும்? அது லென்ஸோடு லென்ஸைப் பூட்டுவது: கேமராவில் 200 மி.மீ, அதன் முன்னால் திருப்பிய 50 மி.மீ, உருவம் 4 மடங்கு. நமக்கு வேண்டியது ஒரு பக்கம் கேமராவில் பூட்டும் மவுண்ட், மறு பக்கம் லென்ஸில் திருகும் மரை. நிக்கானின் பிஆர்-2ஏ வளையம் அப்படித்தான். மரை 52 மி.மீ. 50 மி.மீ எஃப்/1.8டி லென்ஸின் வாயும் அதே 52, நேரே திருகிக்கொள்ளும். லென்ஸின் வாய் 58 என்றால் நடுவில் இன்னொரு வளையம் வேண்டும்.

ஆகவே இதற்குத் 'திருப்புவளையம்', லென்ஸோடு லென்ஸைப் பூட்டும் மற்றதற்குப் 'பிணைப்புவளையம்'. திருப்புளி பிடித்த கைக்கு முதல் சொல் தானாகப் புரியும். வினைத்தொகை என்பதால் திருப்பிய, திருப்பும் என எக்காலமும் அதில் அடங்கும்.

'புரட்டுவளையம்' கேட்டவர்களே, புரட்டு என்றால் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு மறுப்பு மட்டும் என்னை உறுத்துகிறது. லென்ஸிலேயே ஒளி புகும் துளையைக் கூட்டிக் குறைக்கும் வளையம் ஒன்று இருக்கிறது. அது இல்லாத நிக்கானின் ஜி வகை லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றினால் துளை சுருங்கி, பார்வை இருண்டுவிடும். 'வளையம் உள்ள லென்ஸுக்கு வளையம் வாங்கு' என்று எழுதினால் மாணவர் குழம்பத்தான் செய்வார். இப்போதைக்கு லென்ஸில் உள்ளதைத் 'துளைவளையம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்பது பேர் சரி என்றீர்கள், நால்வர் இன்னும் இல்லை என்கிறீர்கள். நால்வரும் புதன் இரவுக்குள் எழுதுங்கள், ஐந்தாம் பக்கத்தை இன்னும் மூடவில்லை.