கொலாஜுக்கு ஒரு சொல்: பசையை விட்டுவிட்டு யோசிப்போமா?

அன்புள்ள குழுவினருக்கு,

படங்களையும் காகிதங்களையும் வெட்டிச் சேர்த்துச் செய்யும் கொலாஜ் கலைக்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்று இரண்டு வாரமாக ஓடும் இந்த மடல் இழையை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். அப்படியே இருந்திருப்பேன், ஆனால் இப்போது கொலாஜ் கலைஞர்களைப் பற்றிய ஒரு நீளமான கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். அதில் அந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, படைப்பின் பெயராக, செய்கிற வேலையாக, செய்கிற ஆளாக, அந்த ஆட்கள் கூடும் கூட்டமாக. ஒரு சொல் இந்த நாலு வேடத்தையும் போடுமா என்று பார்த்தால்தான் அது தேறுமா தேறாதா என்று தெரிகிறது. அதனால் பழைய மடல்களிலிருந்து சில வரிகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

> ஒட்டோவியம் என்பது கேட்க அழகாக இருக்கிறது, பொருளும் உடனே விளங்குகிறது. இதையே முடிவு செய்துவிடலாம்.

ஐயா, அழகுதான். சிக்கல் பின்பாதியில் இருக்கிறது. ஓவியம் என்று போட்ட உடனே அது வரைகிற கலையின் ஒரு கிளை ஆகிவிடுகிறது. கொலாஜ் செய்பவர்களில் பாதிப் பேர் "எனக்கு ஒரு கோடு நேராக வராது" என்று சொல்லிக்கொண்டேதான் வேலை செய்கிறார்கள், அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெர்லினில் 1920 வாக்கில் இதைச் செய்த டாடா (Dada) கலை இயக்கத்து ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தங்களை ஓவியர் என்று கூப்பிடுவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஒளிப்படங்களை வெட்டிச் சேர்க்கும் வேலைக்கு மொன்டாஜ் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மனில் மொன்டோர் என்றால் தொழிற்சாலையில் எந்திரத்தைப் பூட்டும் ஆள். அவர்களில் ஒருவரான ஜான் ஹார்ட்ஃபீல்டை மொன்டோர் என்றே அழைத்தார்கள். நம் ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவுக்குத் தமிழில் என்ன எழுதியிருக்கும், நினைவிருக்கிறதா? பொருத்துநர். அப்போது ஃபோட்டோமொன்டாஜுக்குப் 'படப்பொருத்து' என்று வைத்தால் அந்தப் பட்டறை வாடை அப்படியே வந்துவிடுகிறது. இதை நான் எளிதில் விட்டுத்தர மாட்டேன்.

> படத்தொகுப்பு இருக்கும்போது புதிதாக எதற்கு?

அது சினிமாக்காரர்கள் எடிட்டிங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள், டைட்டிலில் எத்தனையோ வருடமாக ஓடுகிறது. போதாததற்கு ஆல்பத்துக்கும் அதையே எழுதுகிறோம். இடமில்லை.

> கொலாஜ் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்? பிரெஞ்சுச் சொல்லை ஆங்கிலேயர் அப்படியேதானே வைத்துக்கொண்டார்கள்.

குறையாது. துருக்கியரும் போலந்துக்காரர்களும் தங்கள் எழுத்துக்கூட்டலில் அதையே எழுதுகிறார்கள். நானும் அடைப்பில் போடுவேன், தேடுகிறவர்களுக்கு வேண்டும். ஆனால் பிரெஞ்சுக்காரர் காதில் அந்தச் சொல் விழும்போது ஒட்டுவது என்கிற சாதாரண வேலை கேட்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற வேலை. நமக்குக் கேட்பது கலைக்கூடம், வெள்ளைச் சுவர், நுழைவுக் கட்டணம். அந்த வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை மடல்.

இந்தக் கலையில் இருப்பவர்களே பெயர் சூட்டுவதில் நம்மைவிடத் துணிச்சல்காரர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஹனோவரில் கர்ட் ஷ்விட்டர்ஸ், டிராம் சீட்டு, மிட்டாய்க் காகிதம், குப்பையில் கிடந்த கம்பி என்று எதையும் விடாமல் சேர்த்தவர், ஒரு வங்கி விளம்பரத்தில் இருந்த 'கொமெர்ட்ஸ்' (வணிகம்) என்ற சொல்லை வெட்டி, பின்பாதியை மட்டும் ஒட்டினார். மிச்சம் நின்றது 'மெர்ட்ஸ்'. 1919 முதல் தான் செய்த எல்லாவற்றுக்கும் அதுவே பெயர். சொல்லே ஒரு வெட்டுத்துண்டு. நாமும் அப்படிச் செய்யலாமே என்று 'வணிகம்' என்பதை எடுத்து முன்னும் பின்னும் நறுக்கிப் பார்த்தேன், 'ணிக' என்று வந்தது. ணகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்று தொல்காப்பியர் காலத்திலிருந்தே தடை, ஆகவே அந்த முயற்சி அங்கேயே முடிந்தது. நியூயார்க்கில் ரே ஜான்சன் தன் சிறு ஒட்டுவேலைகளை 'மோட்டிகோஸ்' என்றார். ஆஸ்மாட்டிக் (osmotic) என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருவது. அவரைப் பற்றிக் கீழே மறுபடி வரும்.

> பசைப்படம்? குழந்தைக்கும் புரியும்.

புரியும், ஆனால் பசை இல்லாத கொலாஜ் இன்று எவ்வளவோ. திரையில் செய்வதை விடுங்கள். ரோமர் பியர்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் நியூயார்க்கில் கறுப்பினக் கலைஞர்கள் சிலர் ஸ்பைரல் என்று ஒரு குழு அமைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்று பியர்டன் யோசனை சொன்னார், வெட்டி வைத்த படங்களையும் கொண்டுவந்தார். மற்றவர்களுக்கு ஆர்வமில்லை. சரி என்று தனியாக உட்கார்ந்து செய்தவர், அந்தச் சிறு படங்களை ஃபோட்டோஸ்டாட்டில் பெரிதாக்கிக் கறுப்பு வெள்ளையில் 1964இல் காட்சிக்கு வைத்தார். சுவரில் தொங்கியது ஒரே தாள், விரலால் தடவினால் ஒரு விளிம்புகூடத் தட்டாது. அதைப் பசைப்படம் என்றால் பொய். ஆனால் கண்ணுக்கு ஒட்டு தெரிகிறது: ஒரு முகத்தில் ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது, கை வேறு யாருடையதோ.

> வெட்டொட்டு. கணினியில் ஏற்கெனவே வெட்டு, ஒட்டு இரண்டும் பழகிவிட்டன.

இந்த மடலுக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். ஏனென்றால் வெட்டுக்கும் நியாயம் இருக்கிறது. பெர்லின் டாடா ஆட்களில் ஒருவரான ஹன்னா ஹூக்கின் பேர்போன 1919ஆம் ஆண்டுப் படைப்பின் நீளமான தலைப்பு 'வெட்டு' என்றுதான் தொடங்குகிறது, ஒட்டு அதில் வரவே இல்லை. சமையலறைக் கத்தியால் போட்ட வெட்டு என்கிறார். (அரிவாள்மனை என்று மொழிபெயர்க்கக் கை துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.) அவர் ஒரு பெரிய பத்திரிகை நிறுவனத்தில் பெண்களுக்கான பூவேலை மாதிரிகள் வரைந்து சம்பாதித்தவர், ஆகவே படப் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. ஏறக்குறைய நாலடி உயரத் தாள், அதில் அரசியல்வாதிகள், நடனக்காரிகள், பற்சக்கரங்கள், யாருடைய தலையோ யாருடைய உடலிலோ. கீழே வலது மூலையில் ஒரு சின்ன வரைபடம் இருக்கிறது, பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த ஐரோப்பிய நாடுகளைக் காட்டுவது. அதன் ஓரத்தில் ஹூக் தன் முகத்தைச் சின்னதாக வெட்டி வைத்திருக்கிறார். ஓவியர் கையெழுத்துப் போடும் மூலை அது.

ஆனாலும் வெட்டொட்டு வேண்டாம் என்பது என் கட்சி. அந்தச் சொல் ஒரு செயல்முறை, கணினிக் கட்டளை மாதிரியே இருக்கிறது. 'அவர் ஒரு வெட்டொட்டுக் கலைஞர்' என்றால் பிறர் எழுதியதைத் திருடிப் போடுபவர் என்று நம் ஆட்கள் சிரிப்பார்கள்.

நான் சொல்ல வந்தது வெறும் 'ஒட்டு'. ஓவியமும் வேண்டாம், படமும் வேண்டாம்.

ஒட்டு என்றால் பசை மட்டும்தான் என்று எப்படி நினைத்தோம் என்று தெரியவில்லை. எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு ஒட்டு மாமரம் நிற்கிறது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு கொஞ்சம் புடைத்து ஒரு கணு மாதிரி இருக்கும், அதற்குக் கீழே பட்டை சொரசொரப்பு, மேலே கொஞ்சம் வழவழப்பு. கீழே நாட்டு மாங்கொட்டையில் முளைத்தது, மேலே பங்கனப்பள்ளி. மரத்துக்கு எத்தனை வயதானாலும் அந்த இடம் மறையவில்லை. இரண்டும் தத்தம் குணத்தை விடாமல் ஒரே மரமாக நிற்கின்றன. கொலாஜில் எனக்குப் பிடித்ததும் அதேதான்: துண்டு தான் எங்கிருந்து வந்தது என்பதை மறைப்பதில்லை. வேளாண் துறைக்காரர்கள் இளந்தண்டு ஒட்டு, நெருக்கு ஒட்டு என்று முன்னொட்டு வைத்துத் தாராளமாகப் புழங்குகிறார்கள், பாருங்கள், 'முன்னொட்டு' என்றே எழுதிவிட்டேன், இலக்கணக்காரர்களும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடுவதும் இதுவே. அணியிலக்கணத்தில் ஒட்டணி என்று ஒன்று உண்டு, சொல்ல நினைத்ததை மறைத்து அதற்கு ஒத்த வேறொன்றைச் சொல்வது. ஜான் ஸ்டெசேக்கர் என்ற பிரிட்டிஷ் கொலாஜ் கலைஞர் பழைய நடிகர் ஒளிப்படங்களின் முகத்தின் மேல் ஒரு சுற்றுலா அஞ்சலட்டையை வைப்பார், மலையிடுக்கோ குகையோ இருக்கும் அட்டை. முகம் மறைந்துவிடும், ஆனால் பாறைக்கு நடுவே மூக்கும் கண்குழியும் நமக்குத் தெரியத் தொடங்கும். ஒட்டணியேதான்.

குறைகளையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்பது நினைவுக்கு வரும். ஒட்டுநர் என்றால் அச்சில் ஓட்டுநர் ஆகிவிடும், சுழி ஒன்று கூடினால் பேருந்து கிளம்பிவிடும். ஒட்டர் என்று சுருக்கவே கூடாது, அது ஒரு சமூகத்தின் பெயர். ஆகவே ஆளுக்கு 'ஒட்டுக் கலைஞர்' என்று நீட்டித்தான் எழுத வேண்டும். இது ஒன்றும் பெரிய தொல்லையாகப் படவில்லை.

துண்டுக்கு என்ன சொல் என்று யாரும் கேட்கவில்லை, ஆச்சரியம். 'நறுக்கு' இருக்கிறதே. ஓலை நறுக்கு, பத்திரிகை நறுக்கு என்று பழகிய சொல். ஒட்டுக் கலைஞர் வீட்டில் பசையைவிட நறுக்குகள்தான் அதிகம். கை மட்டும் ஒரு உறையில், சிவப்பு நிறம் மட்டும் ஒரு உறையில் என்று அடுக்கி வைத்திருப்பார்கள்.

கூட்டத்துக்கு வருகிறேன். ரே ஜான்சன் தன் வேலைகளைக் கடைக்கு அனுப்பாமல் தபாலில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் அனுப்பினார், 'இதில் சேர்த்துத் திருப்பி அனுப்பவும்' என்று எழுதி. இன்றும் இந்த உலகம் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஒருவர் பாதி செய்து அனுப்புவார், இன்னொரு நாட்டில் இருப்பவர் முடிப்பார். மொன்ட்ரியாலிலிருந்து வரும் கொலாஜ் இதழ் 2018இல் தொடங்கிவைத்த உலகக் கொலாஜ் நாள், மே இரண்டாம் சனிக்கிழமை, ஊர் ஊராக மேசை போட்டுக் கத்தரிக்கோலுடன் உட்காரும் நாள். எடின்பரோக் குழு ஒன்று பிப்ரவரி முழுக்க நாளுக்கு ஒரு சொல் கொடுத்து ஒட்டு செய்யச் சொல்கிறது, பிப்ரவரியையும் கொலாஜையும் ஒட்டி 'ஃபெப்ருலாஜ்' என்று பெயர். இருவர் சேர்ந்து செய்வதற்குக் 'கூட்டொட்டு' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நன்றாகவே உருள்கிறது. எனக்கும் ஒரு தடவை அப்படி ஒரு பாதித் தாள் தபாலில் வந்தது, பழைய பயணப் பத்திரிகையின் விமான இறக்கை மட்டும், மிச்சம் வெறுமை. நான் நாள்காட்டித் தாளைக் கிழித்து 'ராகு 3.00 – 4.30' என்ற வரியை இறக்கைக்குக் கீழே ஓடுபாதையாக வைத்து அனுப்பினேன். முடித்தவர் நான்தான், ஆனால் அதில் என்ன வேடிக்கை என்று அனுப்பியவருக்கு விளங்கவைக்க மூன்று கடிதம் ஆனது.

கடைசியாக ஒன்று, இதற்கு உங்கள் உதவி வேண்டும். ஒட்டியதைப் பிய்ப்பதும் ஒரு கலை. 1949 முதல் பாரிசில் ரெய்மோன் ஆன்ஸும் ஜாக் வில்லெக்ளேயும் தெருச்சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிக் கிழிந்துபோன சுவரொட்டிகளைப் பெயர்த்தெடுத்தார்கள், பின்னால் காட்சிக்கும் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் மார்க் பிராட்ஃபோர்ட் காகிதங்களை அடுக்கடுக்காக ஒட்டியபின் தேய்ப்பு எந்திரத்தால் தேய்த்து அடி அடுக்குகளை வெளியே கொண்டுவருகிறார். இதற்கு 'உரிப்பு' போதுமா? மழை பெய்த மறுநாள் நம் தெருச் சுவரைப் பார்த்தால் மைதாவும் மயில்துத்தமும் கலந்த பசை ஊறி, அஞ்சலி போஸ்டர் மூலை மடங்கி, அதற்கடியில் ஒரு பூப்புனித நீராட்டு, அதற்கும் அடியில் போன தேர்தல் என்று தெரியும். போஸ்டர் ஒட்டுகிற அண்ணன் ஒருவரிடம் இதற்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "பேத்துக்கிச்சு" என்றார்.

'பெயர்ப்பு' என்று வைத்தால் மொழிபெயர்ப்போடு குழம்புமா, அல்லது அந்தக் குழப்பமே நல்லதா? வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் என் கட்டுரையில் சேர்த்துவிடுவேன்.