'ரிசைன்' என்பதற்குப் 'பணிதல்' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

செஸ்ஸில் ஒருவர் 'ரிசைன்' செய்தால், அதாவது மேட் ஆகும் முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டால், கணினி மொழிபெயர்ப்பு அவரை 'ராஜினாமா' செய்ய வைக்கிறது. பலகை முன் உட்கார்ந்தவருக்குப் பதவி ஏது? செய்தித்தாள்களின் 'தோல்வியை ஒப்புக்கொண்டார்' எவ்வளவோ மேல். நானும் அதையே எழுதி வந்தேன், போன ஞாயிறு வரை.

அன்று தல்லாகுளத்தில் நண்பர் வீட்டு மாடியில் ஆட்டம். மேலூரிலிருந்து வந்த தம்பிக்குக் கறுப்பு. அவர் ராஜா மூலைக் கட்டத்தில். அதன் முன்னால் வெள்ளைச் சிப்பாய். அந்தச் சிப்பாய் நிற்கும் ஏழாம் வரிசையின் மறுகோடியில் வெள்ளை யானை. அது எட்டாம் வரிசைக்கு ஏறினால் மேட். தம்பி கைகுலுக்கி எழுந்துவிட்டார். ஆனால் நகர்த்த வேண்டிய முறை அவருடையது. மிச்சமிருந்த ஒரே காய் ஒரு யானை. அதை வைத்து வெள்ளை ராஜாவுக்குச் செக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். வெள்ளை அந்தக் கறுப்பு யானையை வெட்டினால் கறுப்புக்கு நகர்த்த எதுவும் இல்லை, ஆட்டம் சமன். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "ராஜாவுக்கு நகர இடமே இல்லையே அண்ணே" என்றார். அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடியதே அதுதான்!

இதில் ஒப்புக்கொள்ளத் தோல்வி எங்கே இருந்தது? 1902இல் மான்டே கார்லோ போட்டியில் போப்பியல் என்ற ஆட்டக்காரருக்கு எதிராக மார்கோ என்பவர் செய்தது இன்னும் கொடுமை. மந்திரி (பிஷப்) பறிபோகிறது என்று ஆட்டத்தை விட்டார். அதே மந்திரியை எதிரி ராஜாவின் அருகில் வைத்திருந்தால் மேட் மிரட்டலும் ராணி மீது தாக்குதலும் ஒருசேர விழுந்து, அவரே வென்றிருப்பார்.

ஆகவே 'தோல்வி' ஒட்டாத சொல் வேண்டும். முந்தைய மடலில் ஐயா சொன்ன 'புறக்கொடை' அழகுதான், ஆனால் அது முதுகு காட்டி ஓடுவது. இங்கே கை கொடுத்துவிட்டு எழுகிறார்கள். 'விட்டுக்கொடுத்தல்' என்றால் வேண்டுமென்றே தோற்றதாகச் சந்தேகம் வரும். 'ஒப்புகை' என்றதும் வாக்குப்பதிவு இயந்திரச் சீட்டுதான் நினைவுக்கு வருகிறது.

என் பரிந்துரை 'பணிதல்'. "41ஆம் நகர்த்தலில் கறுப்பு பணிந்தது" என்று குறிப்பின் ஓரத்தில் அடங்கிவிடும். தோற்காமலே பணிந்தால் 'வீண்பணிதல்'. 'பணிவு' என்று பெயராக்கினால் அடக்கம் என்ற பொருள் வந்து குழப்பும். அதனால் 'தல்' விகுதியை விடவே கூடாது என்பேன். 'வீண்' சற்றுக் கடுமையாகப் படுகிறதா? மாற்று இருந்தால் எழுதுங்கள். மேலூர்த் தம்பியிடம் இந்தச் சொல்லை நான் இன்னும் சொல்லவில்லை.