கிட்டாரில் கில் சுவிட்ச் வைத்துத் தருபவர்கள் மதுரையில் இருக்கிறார்களா?

அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் வணக்கம். செல்லூரில் நண்பன் வீட்டு மாடியில் நாங்கள் ஐந்து பேர் தமிழில் ராப் மெட்டல் பாட்டுகள் பதிவு செய்கிறோம். கிட்டார், பேஸ், டிரம்ஸ், குரல், கூடவே ஒரு பறை.

எங்களுக்கு வழிகாட்டி அமெரிக்க ராக் குழுவான ரேஜ் அகெயின்ஸ்ட் தி மெஷின் 1992-ல் வெளியிட்ட முதல் ஆல்பம். அதில் சாம்பிள் (வேறு பதிவிலிருந்து வெட்டி எடுத்த சத்தம்), கீபோர்டு, சிந்தசைசர் எதுவும் கிடையாது என்று உறையிலேயே போட்டிருப்பார்கள். டிஜே இசைத்தட்டைத் தேய்ப்பது போலக் கேட்பதெல்லாம் அந்தக் குழுவின் டாம் மொரெல்லோ வாசிக்கும் கிட்டார்தான்! கம்பி அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பிக்கப் அவர் கிட்டாரில் இரண்டு; ஒரு பிக்கப்பின் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, மற்றதை முழுதாக ஏற்றி, பிக்கப் மாற்றும் டாகிள் சுவிட்சைப் படபடவென்று தட்டுவார். இன்னொரு கை கம்பிகளை உரசும். சத்தம் துண்டு துண்டாக வந்து விழும்.

என் கிட்டாரில் வால்யூம் திருகு ஒன்றுதான், அந்த முறை எடுபடாது. அழுத்தினால் சத்தம் நிற்கிற பட்டன், அதாவது கில் சுவிட்ச், வைக்க வேண்டும். ஒரு கடையில் இரண்டு வாரம் வைத்திருந்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வயரிங் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம் பறை. தீயில் காய்ச்சியதும் கணீரென்று இருக்கிறது, மூன்றாவது டேக்குக்குள் தோல் தொய்ந்துவிடுகிறது. அடித்தால் பாடுபவனின் வார்த்தைகள் அமுங்கிப்போகின்றன. தனியாகப் பதிவு செய்யலாம் என்கிறான் டிரம்ஸ் வாசிப்பவன். எனக்கு மனமில்லை, சேர்ந்து வாசிக்கும் வேகம் போய்விடும். மைக்கை எங்கே வைக்கலாம்? பறையைப் பதிவு செய்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். சனி, ஞாயிறு கிட்டாரோடு நேரில் வருகிறேன்.